சாகாதவர்களை எழுதியவள்

காலை நேரம், நல்ல மழை. புக்கிட் பாஞ்சாங்கில் ஆளேற்றிக்கொண்டு நகரத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல்களையெல்லாம் மூடியிருந்ததால் ஈரத்துணி வாடையும், தலை எண்ணெய் வாடையும், இஞ்சின் சூடும் சேர்ந்து மூச்சை முட்டின.

இடக்கைப் பக்கம் மலை. அதைச் செதுக்கிப் போட்ட சாலை அந்த இடத்தில் இடதுபுறமாக வளைந்து இறங்கும். வளைவு முடிந்த உடனே ஒரு பேருந்து நிறுத்தம். மண்மேடு மறைப்பதால், வளைவுக்குள் பாதி நுழைந்த பிறகுதான் நிறுத்தம் கண்ணில் படும்.

அன்று முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் குடை. குடையைப் பிடித்திருந்த பெண், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதற்காகச் சாலையிலேயே இறங்கி நின்றிருந்தாள். பிரேக்கை அழுத்தினேன். வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் முன்னால் வந்து விழுந்தார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த கருங்கல் லாரி நிற்க முடியாமல், ஹாரனை அலறவிட்டபடி எதிர்த்தடத்தில் ஏறிப் போனது. எதிரே வண்டி எதுவும் வராதது எங்கள் நல்ல நேரம்.

குடைக்காரப் பெண் எதுவும் நடக்காதவள்போல ஏறி, குடையை உதறி மடக்கி, டிக்கெட் கேட்டாள். வண்டி நின்றபோது அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் நாலு முழம்தான் இருந்தது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். என் கண்டக்டர் ரோசலின், கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துப் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா எழுதுற?"

"சும்மாண்ணே. நீங்க வண்டிய எடுங்க."

என்மேல் புகார் எழுதுகிறாள் என்று நினைத்தேன். நான் நினைத்தது பாதி சரி என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மலை என்றால் சிரிக்கக் கூடாது

புக்கிட் தீமாவை மலை என்று சொன்னால் ஊரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். என் மைத்துனர் ஒருவர் குன்னூர்ப் பக்கம் லாரி ஓட்டியவர். அவரை ஒருமுறை என் பஸ்ஸில் ஏற்றி அந்தச் சாலையைக் காட்டினேன். "இதையா மாப்ள மலைப்பாதைன்னு சொல்றீங்க? எங்க ஊர்ல இது வேகத்தடை" என்றார்.

உயரம் குறைவுதான். ஆனால் எழுபதுகளில் அந்த மலையைச் சுற்றிக் கல்லுடைக்கும் இடங்கள் பல இருந்தன. ஊர் முழுக்க அடுக்குமாடி எழும்பிய காலம். அத்தனைக்கும் கருங்கல் அங்கிருந்துதான் இறங்கியது. வெடி வைக்கும் முன் சங்கு ஊதும். ஊதியதும் கிளைகளில் இருக்கிற குரங்குகள் காணாமல் போய்விடும். சாலையோர இலைகளெல்லாம் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு நிற்கும். மழை பெய்த அன்றுதான் அந்த மரங்கள் பச்சை என்பது நினைவுக்கு வரும்.

கல்லேற்றிய லாரி இறக்கத்தில் நிற்காது. கல்லில்லாத பழைய லாரி ஏற்றத்தில் நகராது. காலையில் ஒரு லாரி மேட்டில் முனகினால் பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசை கட்டும். அந்த வரிசையில் பொறுமையிழந்த ஒருவன் வலப்பக்கம் எட்டிப்பார்த்து வெளியே வருவான். அதே நேரம் மேலிருந்து நான் இறங்கிக்கொண்டிருப்பேன்.

பஸ்ஸுக்கு வருவதற்கு முன் மணல் லாரி ஓட்டியவன் நான். அதனால் லாரிக்காரர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. அவர்களும் நேரத்துக்குள் நடை முடிக்க வேண்டும். நாங்களும் அப்படித்தான். அந்தச் சாலை எல்லோரையும் அவசரப்படுத்திக்கொண்டு, அவசரப்படுவதற்கு இடம் தராமல் கிடந்தது.

நோட்டு வந்த கதை

ரோசலினுக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கலாம். புக்கிட் மேராவில் தாயாரோடு இருந்தாள். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டாள். அதற்காக ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள யாரிடமும் கெஞ்சவும் மாட்டாள், முன்கூட்டியே இரண்டு பேருக்கு உதவி செய்து வைத்திருப்பாள். அதிகம் பேசாதவள். கூட்டத்தில் தகராறு செய்கிற ஆண்களைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல், "இறங்கிக்குங்க" என்பாள். இறங்கிவிடுவார்கள்.

மழைநாள் சம்பவத்துக்குப் பிறகு, கடைசி நிறுத்தத்தில் தேநீர் குடிக்கும்போது நோட்டைப் பற்றி மறுபடி கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு டிரைவரோடு போகும்போது, ஒரு நர்ஸ் அந்த வளைவு நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த லாரி பஸ்ஸை இடப்பக்கமாகவே முந்தப் பார்த்திருக்கிறது. ரோசலின் அந்த அம்மாளின் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். கழன்று விழுந்த ஒரு செருப்பின்மேல் லாரிச் சக்கரம் ஏறிப் போயிற்று.

"டிப்போல போய்ச் சொன்னேண்ணே. யாராச்சும் செத்தாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அடிபட்டாங்களா? இல்ல. அப்ப ரிப்போர்ட்ல என்னத்த எழுதறதுன்னு சிரிச்சாங்க."

"அவங்க சொல்றதும் சரிதானம்மா."

"செத்தவங்கள மட்டும்தான் எழுதுவாங்களாம். சரின்னு, நான் சாகாதவங்கள எழுத ஆரம்பிச்சேன்."

நோட்டைக் காட்டவில்லை. ஆனால் எப்படி எழுதுகிறாள் என்று சொன்னாள். எந்த இடம் என்று குறிக்க விளக்குக் கம்பத்தின் எண். நேரம். மழையா, வெயிலா. யார் யாரை எதனால் இடிக்கவிருந்தார்கள். இடிக்காமல் போனது எப்படி. பக்கத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. பள்ளிக்கூடத் தமிழில், அழகான கையெழுத்தில்.

இருபது ஆண்டு வண்டி ஓட்டிய எனக்கு அந்த யோசனை ஒருநாளும் வந்ததில்லை. தப்பித்துவிட்டால் பெருமூச்சு விடுவேன், ஒரு முருகா போடுவேன், அடுத்த நிறுத்தத்துக்குள் மறந்துவிடுவேன். அவள் மறக்க மறுத்தாள். அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

சரோஜா படித்துக் காட்டினாள்

இரண்டு நோட்டு நிறைந்ததும் ரோசலின் ஒரு உதவி கேட்டாள். சாலை போடுகிற அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆங்கிலத்தில் டைப் அடித்துத் தர முடியுமா என்று.

என் மனைவி சரோஜா ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். நாங்கள் தேக்காவின் வாடகை அறையை விட்டு ஆங் மோ கியோ வீட்டுக்குக் குடிவந்த புதிது. பழைய டைப்ரைட்டர் ஒன்றும் அவளோடு வந்திருந்தது. நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் சமையலறை மேசையிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, தீபாவளிக்கு முந்தின வாரம் காலை நடை நீங்கதானே?"

"ஆமா. ஏன்?"

அவள் படித்தாள். "காலை ஏழே கால். மழை இல்லை. எங்கள் பஸ். டிரைவர் வளைவில் வேகம் குறைக்கவில்லை. சாலையைக் கடந்த இரண்டு மாணவிகள் பின்னால் ஓடித் தப்பினார்கள். தவறு டிரைவருடையது."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். இன்னொன்று. பிறகு இன்னொன்று. மஞ்சள் குடையும் இருந்தது. எழுதப்பட்டிருந்த நாற்பது சொச்சத்தில் பத்துக்குக் குறையாமல் என்னுடையவை. பெயர் எங்கும் இல்லை. ஆனால் தேதியும் நேரமும் இருந்தால் டிப்போவில் பெயர் எடுக்க ஒரு நிமிடம் போதும். இன்ஸ்பெக்டர் வேலைக்கு என் பெயரை எழுதிப் போட்டிருந்த சமயம் வேறு.

மறுநாள் முதல் நடைக்கு முன்பே ரோசலினிடம் கேட்டேன். "என்னோடத எடுத்துடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "உங்களோடத எடுத்தா, எல்லா டிரைவரோடதையும் எடுக்கணும்ணே. அப்புறம் அதுல லாரிக்காரங்க மட்டும்தான் இருப்பாங்க. அது பொய் லா."

"கூட வேலை பாக்கிற மனுசன காட்டிக் குடுக்கறியே, உனக்கே நல்லாருக்கா?"

"நல்லால்ல," என்றாள். "ஆனா நீங்க அடிக்கடி நல்லா பிரேக் போட்டிருக்கீங்க. அதையும் எழுதியிருக்கேன். அக்காவப் படிக்கச் சொல்லுங்க."

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஒரே வண்டிக்குள் எட்டு மணி நேரம், மணிச் சத்தத்தைத் தவிர எங்களுக்குள் எதுவும் இல்லை. அவள் வழக்கம்போல வேலை செய்தாள். எனக்கு வாங்கும் தேநீரை வாங்கி டாஷ்போர்டில் வைத்தாள். நான் குடிக்காமல் ஆறவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடை

சரோஜா டைப் அடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டாள். "கம்பம் நம்பர் நம்பரா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் புரியல. அந்த எடத்தக் காட்டுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். மேலே இறங்கி, கையில் தாள்களோடு ஒவ்வொரு கம்பமாக நடந்து வந்தோம். அத்தனை வருடம் ஓட்டிய சாலையில் நான் நடந்து இறங்கியது அதுவே முதல் தடவை. நடைபாதை என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் சக்கரங்கள்.

சரோஜா ஒரு கம்பத்தடியில் நின்று தாளைப் பார்ப்பாள். "இங்கதான் சைக்கிள்காரர் சாக்கடையில விழுந்து தப்பிச்சிருக்கார்." அடுத்த கம்பம். "இங்க ஒரு மலாய் அம்மா, கைக்குழந்தையோட." வளைவை நெருங்க நெருங்க நாங்கள் நிற்க வேண்டிய கம்பங்கள் அதிகமாயின.

கடைசியில் அந்த நிறுத்தம். ஒரு கம்பமும் தகடும், நாலு பேர் நிற்கிற சிமெண்ட்டுத் துண்டும். அங்கே போய் நின்றோம். மேட்டுக்கு அப்பால் இஞ்சின் சத்தம் கேட்டது. பஸ்ஸா லாரியா தெரியவில்லை. எவ்வளவு தூரத்தில் என்றும் தெரியவில்லை. சரோஜா, நான் சொல்லியும் கேளாமல், எட்டிப் பார்க்க ஒரு காலைச் சாலையில் வைத்தாள். அங்கே நிற்கிற எவரும் அதைத்தான் செய்வார்கள்.

லாரி வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். காற்று எங்கள் இருவரையும் மேட்டோடு தள்ளியது. அவள் புடவை முழுக்கக் கல்பொடி. தாள்களில் இரண்டு சாக்கடையில் போய் விழுந்தன.

அடுத்து வந்தது எங்கள் டிப்போ பஸ். ஓட்டியவர் என்னைவிட நல்ல டிரைவர். வளைவிலிருந்து அவர் முகம் வெளிவந்த நொடியில் எங்களைக் கண்டு அவர் கண் விரிந்ததைப் பார்த்தேன். என் முகத்தையும் இப்படித்தானே இத்தனை பேர் இங்கே நின்று பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது.

திரும்பும் வழியில் சரோஜா கேட்டாள், "உங்களோடத விட்டுட்டு அடிக்கவா?"

"எல்லாத்தையும் அடி," என்றேன்.

திங்கட்கிழமை டாஷ்போர்டில் இருந்த தேநீரைக் குடித்தேன். ரோசலின் பார்த்துவிட்டு டிக்கெட் கொடுக்கப் போனாள்.

வெள்ளைக் கைக்குட்டை

கடிதம் போய்ச் சில வாரங்களில் பதில் வந்தது. இன்ன காலையில் வளைவுக்கு வரச் சொல்லி. நகல் எங்கள் டிப்போவுக்கும் போயிருந்ததால் சூப்பர்வைசர் கிருஷ்ணனும் வந்தார், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. அலுவலகத்திலிருந்து வந்தவர் லிம் என்ற இளம் எஞ்சினியர். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். சரோஜா அடித்த தாள்கள் அவர் கையில் இருந்தன. ஓரமெல்லாம் சிவப்பு மையால் குறித்திருந்தார். வரிக்கு வரி படித்திருக்கிறார் என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது.

மலாயில்தான் பேசினார், எங்கள் எல்லோருக்கும் புரியட்டும் என்று. "இதில் நிறைய டிரைவர்களின் தவறு என்று இருக்கிறதே. அப்படியானால் இது சாலைப் பிரச்சினையா, டிரைவர் பிரச்சினையா?"

கிருஷ்ணன் முந்திக்கொண்டார். டிரைவர் பிரச்சினை என்றால் டிப்போவே பார்த்துக்கொள்ளும், தேதி இருக்கிறது, ஆளைக் கூப்பிட்டு நடவடிக்கை எடுக்கிறேன் என்றார். ரோசலின் முகம் வெளுத்துவிட்டது. அவள் எழுதியது இப்படித் திரும்பும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

நான் முன்னால் போனேன். தாளை வாங்கி, என்னுடையவற்றை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். "இது நான். இதுவும் நான். இதுவும்." மஞ்சள் குடைக்கு வந்தபோது தாளை லிம் பக்கம் திருப்பினேன். "இந்தச் சாலையில் முதலிலிருந்து கடைசிவரை வண்டி ஓட்டுகிறேன். என் தவறெல்லாம் இந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. மற்ற டிரைவர்களுடையதும் இங்கேதான். நீங்களே பாருங்கள்."

கிருஷ்ணன் தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார், "மாணிக்கம், இன்ஸ்பெக்டர் போஸ்ட்ட மறந்துடுங்க."

லிம் அதைக் கேட்டாரோ என்னவோ. சிறிது யோசித்துவிட்டு, "உங்கள் பஸ்ஸை எடுங்கள்" என்றார்.

காலி வண்டியில் மேலே போய்த் திரும்பினோம். லிம் என் இருக்கைக்குப் பக்கத்தில், என் கண் இருக்கிற உயரத்துக்குத் தலையை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். கீழே நிறுத்தத்தில் அவருடைய உதவியாளர் வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார். வழக்கமாக ஓட்டுகிற வேகத்தில் ஓட்டச் சொன்னார். "குறைக்க வேண்டாம். தினமும் எப்படியோ அப்படி."

வளைவுக்குள் நுழைந்தோம். மேடு, மேடு, இன்னும் மேடு. பிறகு திடீரென்று கைக்குட்டை, கண்ணாடிக்கு முன்னால். லிம்மின் கை தன்னை அறியாமல் என் தோளை இறுகப் பிடித்தது. நிறுத்தத்தைத் தாண்டித்தான் வண்டி நின்றது.

மூன்று தடவை ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை இறங்கியதும் மேட்டருகே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு ரோசலினிடம் வந்தார்.

"எங்கள் அலுவலகத்தில் இந்த இடத்துக்கு ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது," என்றார். "அதில் இறந்துபோன இரண்டு பேரின் பெயர். உங்கள் நோட்டுகளைக் கொஞ்ச நாள் கொடுத்து வைக்க முடியுமா?"

மேட்டை வெட்டினார்கள்

வேலை தொடங்க ஒரு வருடம் ஆயிற்று. முதலில் நிறுத்தத்தை நாலு கம்பம் கீழே தள்ளினார்கள், பஸ் சாலையை விட்டு உள்ளே ஒதுங்கி நிற்கிற மாதிரி. பிறகு மேட்டைச் சரித்து வெட்டிப் புல் பதித்தார்கள். ஏற்றத்தில் முனகுகிற லாரிகளுக்கென்று ஓரத்தில் தனித் தடம் போட்டார்கள். நடப்பவர்களுக்குக் கம்பி வேலியோடு பாதை வந்தது. என் காலை நடை முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது. யாரும் யாரையும் முந்தத் துடிக்கவில்லை.

அந்த வளைவில் முதன்முறையாக நிறுத்தத்தைத் தூரத்திலிருந்தே பார்த்த அன்று, அங்கே நிற்பவர்கள் ஒவ்வொருவரின் சட்டை நிறமும் தெரிந்தது. காலைப் பழக்கத்தில் பிரேக்கில் வைத்து, அப்புறம் தேவையில்லை என்று எடுத்தேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்ஸ்பெக்டர் வேலை வேறொருவருக்குப் போனது. சரோஜா ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டவில்லை. எனக்கும் அதில் வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது, இரண்டு மூன்று வருடம் இருந்தது.

சாலை வேலை முடிந்த பிறகும் ரோசலின் எழுதுவதை நிறுத்தவில்லை. "சரியாயிடுச்சான்னு எப்படித் தெரியும்?" என்றாள். மூன்றாவது நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள். சில பக்கங்களில் ஒன்றோ இரண்டோ இருந்தன. பெரும்பாலான பக்கங்களில் தேதியைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வெற்றுப் பக்கங்களைத்தான் லிம்முக்குக் கடைசியாக அனுப்பி வைத்தாள்.

எண்பதுகளில் டிரைவர் ஒருவரே ஓட்டி, அவரே டிக்கெட்டையும் பார்த்துக்கொள்ளும் பஸ்கள் வந்தன. கண்டக்டர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ரோசலினுக்கு டிப்போ அலுவலகத்தில் நேரம் குறிக்கிற வேலை கிடைத்தது. கடைசி நாளும் என் வண்டியில்தான் வந்தாள்.

அன்று வளைவைத் தாண்டி, இறங்கி ஒதுங்கிய நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மா கூடையோடு ஏறினார். தேக்கா சந்தைக்குப் போகிறவர். மூச்சு வாங்கியது. ஏறியதும் ஏறாததுமாகப் பொரிந்து தள்ளினார்.

"முன்னெல்லாம் வீட்டு முன்னாடியே நிக்கும். இப்ப இம்புட்டுத் தூரம் நடக்க வேண்டியிருக்கு. எந்தக் கூறுகெட்டவன் இந்த ஸ்டாப்ப இங்க தூக்கி வச்சானோ."

நான் இருக்கையிலிருந்து திரும்பினேன். சொல்லியே ஆகவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ரோசலின் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

"தெரியலயே பெரியம்மா," என்றாள். கூடையை வாங்கி ஓரமாக வைத்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்து இருக்கையில் உட்கார வைத்தாள்.

நான் வண்டியை எடுத்தேன்.